குழலில் ஒட்டிய ஈயம்

ஜூன் 4

அண்ணா,

நான்தான், வாலு. கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத் தோன்றினால் நீளவாக்கில் கிழி, வரிக்கு ரெண்டு வார்த்தையாவது மிஞ்சும். போனில் பேசலாம் என்றால் எனக்குக் கிடைக்கிற ஒரே போன் கிளப் ஆபீஸில், செயலாளர் மேசை மேல் இருக்கிறது. பேச வேண்டியதே அவரைப் பற்றித்தான்.

கிளப்பின் நீளக் குழல் ரிவால்வர் ஞாபகம் இருக்கிறதா? பாயின்ட் டூ டூ, சின்னத் தோட்டா போடுவது, அடி விளிம்பில் தட்டினால் வெடிக்குமே, அது. அதன் குழலுக்குள் ஏப்ரலிலிருந்து ஈயம் ஒட்டுகிறது. ஈ மொய்த்தால் விரட்டலாம், ஈயம் மொய்த்தால் என்ன செய்ய? அப்பா ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிளப் பட்டறையில் உட்கார்ந்து, வெண்கலத் தூரிகையில் செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றித் தேய்த்து எடுக்கிறார். வெள்ளித் தாள் மாதிரி துணுக்கு துணுக்காக வருகிறது. அடுத்த சனிக்கிழமை ஐம்பது தோட்டா போவதற்குள் பழையபடி ஆகிவிடுகிறது. தாளில் ஓட்டை வட்டமாக விழுவதில்லை, சாவித் துவாரம் மாதிரி நீளமாக விழுகிறது. தோட்டா நேராகப் போகாமல் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகிறதாம். எனக்குப் பிடித்திருந்தது. செயலாளருக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அதில் சுடுவது பெரும்பாலும் அவர்தான். போன மாதம் கிளப்புகளுக்கு இடையே நடந்த போட்டியில் பதினோராவது வந்தார். மொத்தம் சுட்டது பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆளுக்குக் கையில் கட்டு.

அவர் சும்மா இருப்பாரா. "பட்டறைக்காரர் இரும்புக் கம்பியால் சுரண்டிக் குழலைக் கெடுத்துவிட்டார்" என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை விசாரணை. தப்பு அப்பா மேல் என்று எழுதினால் அவருடைய லைசென்ஸ் போகும். அதற்கப்புறம் எந்தத் துப்பாக்கியையும் அவர் தொடக்கூடாது, இங்கே மட்டும் இல்லை, எங்கேயும். இருபத்தாறு வருஷம் அந்தப் பட்டறையில் உட்கார்ந்த மனுஷன்.

விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். அது இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அம்மா கேட்டால் "பாக்கலாம்" என்கிறார். நான் கேட்டால் "போய்ப் படி" என்கிறார். படிக்கச் சொன்னால் நான் படிக்கிற ஆளா? ஆனால் அவர் முகத்தைப் படிக்கத் தெரிகிறது. அதில் ஒன்றுமே எழுதியில்லை அண்ணா. அதுதான் பயமாக இருக்கிறது.

உனக்குக் குழல் பாஷை தெரியும். ஏன் ஒட்டுகிறது என்று மட்டும் கண்டுபிடித்துச் சொல். அப்பாவோடு பேச வேண்டாம். என்னோடு பேசினால் போதும்.

இப்படிக்கு,
உன் தலைவலி, தைலம் உட்பட


ஜூன் 8

வாலு,

கிழிக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்தவனுக்குக் கிழிக்கவும் தெம்பு இருக்காது. பம்ப் தண்டு கடைகிறோம், ஒரு நாளைக்கு நாற்பது. அறையில் நாலு பேர், ஒரு மேசை. இந்தக் கடிதத்தை இஸ்திரிப் பெட்டிக்கும் யாரோ ஒருவருடைய சீப்புக்கும் நடுவில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருஷம் முன்னால், மெம்பர்கள் நாலு பேர் நிற்கும்போது, "கண்ணு சரியா தெரியலப்பா உங்களுக்கு, நிறுத்திக்கங்க" என்று சொன்னேன். சொன்ன இடம் தப்பு. சொன்னது தப்பு என்று இன்றைக்கும் தோன்றவில்லை. அவர் வெளியே போகச் சொன்னார், நான் போனேன், அவ்வளவுதான். அதனால் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். கண் தெரியாமல் எதையாவது சுரண்டியிருப்பார் என்றுதான் நினைத்தேன். பதில் எழுத வேண்டாம் என்று ரெண்டு நாள் இருந்தேன். அந்த வெள்ளைத் தாள்தான் உறுத்தியது.

சரி. நான் சொல்கிற வரிசையில் பார், தாண்டிப் போகாதே. தோட்டா போடுகிற உருளையை வெளியே தள்ளி ஆறு அறையும் காலியா என்று பார். மறுபடி ஒரு தரம் பார். அப்புறம் குழலின் பின்வாயில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து எட்டிப் பார்.

ஈயம் எங்கே இருக்கிறது? உருளையிலிருந்து தோட்டா குழலுக்குள் தாவுகிற அந்தப் பின்வாயில் மட்டும் இருந்தால், வாய் சொரசொரப்பாகிவிட்டது என்று அர்த்தம். ஒரே பக்கம் அப்பியிருந்தால் உருளை நேராகப் பூட்டவில்லை, தோட்டா விளிம்பில் உரசிச் சீவிக்கொண்டு போகிறது. ரெண்டுமே பட்டறைக் கையின் தப்பு. குழல் முழுக்க, சுற்றிலும் இருந்தால் கதை வேறே.

அடுத்து, குழலுக்குச் சரியாகப் பொருந்துகிற பித்தளைக் கம்பி ஒன்று மேல் இழுப்பறையில் இருக்கும். உருளையைப் பூட்டி, முன்னாலிருந்து மெதுவாக விடு. ஆறு அறைக்கும் ஆறு தரம். எங்கேயாவது முட்டுகிறதா என்று சொல். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. ஈயம் வயிற்றுக்குள் போகக்கூடாது.

எப்படியும் முட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 11

அண்ணா,

முட்டவில்லை.

இதைத் தனி வரியாக எழுதியிருக்கிறேன், நீ தனியாக உட்கார்ந்து வருத்தப்பட. ஆறு அறை, ஆறு தரம், கம்பி வழுக்கிக்கொண்டு போனது. உருளைதானே, கிழங்கு மாதிரிக் கோணல் மாணலாக இருக்கும் என்று நானும் எதிர்பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. பின்வாய் வழவழ என்று இருக்கிறது, விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். ஈயம் சுற்றிலும் இருக்கிறது, குழல் முழுக்க, முன் பாதியில் கொஞ்சம் கனமாக. உள்ளே ஓடுகிற வரிப்பள்ளமெல்லாம் மழைக்குச் சேறு மூடின வாய்க்கால் மாதிரி. ஒரு பக்கம் என்றெல்லாம் இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே நியாயம்.

எப்போது பார்த்தேன் தெரியுமா? மத்தியானம், அப்பா தூங்கும்போது. இப்போதெல்லாம் சாப்பிட்டதும் பட்டறை நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். கையில் தூரிகை அப்படியே இருக்கும். நான் அதை உருவினால்கூட முழிப்பதில்லை. முன்பெல்லாம் நான் நாற்காலிக்குப் பின்னால் மூச்சு விட்டாலே "என்ன திருட்டு வேலை" என்பவர். நேற்று ஒரு திருகாணியை மாட்டக் கால் மணி நேரம் ஆனது. நான் பக்கத்தில் நின்று பார்க்காத மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். அவர் மாட்டிவிட்ட மாதிரி நடித்துவிட்டு, நான் திரும்பினதும் மறுபடி மாட்டினார்.

அதனால் எனக்குக் கோபம் வருகிற மாதிரி ஒன்று, உனக்குக் கோபம் வருகிற மாதிரி ஒன்று. கண்ணைப் பற்றி நீ சொன்னது பொய்யில்லை. ஆனால் இந்தக் குழலை அவர் கெடுக்கவில்லை. ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாமா? இருக்கக் கூடாது என்று சட்டம் உண்டா?

அந்தத் தாள் இன்னும் வெள்ளை. மூன்று வாரம் இருக்கிறது. அடுத்த கேள்வி என்ன?

இப்படிக்கு,
குழலில் எட்டிப் பார்த்துப் புருவத்தில் கறை வாங்கியவள்


ஜூன் 15

வாலு,

தனி வரியைத் தனியாக உட்கார்ந்து படித்தேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றேன். போர்மேன் வயிற்று வலியா என்றார். ஆமாம் என்றேன்.

அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன். இதை அவரிடம் சொல்லாதே. நீ தெரிந்துகொள்.

சுற்றிலும், முழு நீளம், முன்னால் கனம். அப்படியென்றால் உருளை இல்லை, பின்வாய் இல்லை, அப்பா கை இல்லை. மிச்சம் இருப்பது தோட்டா. அந்த ஈயத் தலையின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கையில் எடுத்தால் பிசுபிசுக்கும், விரலில் கறுப்பாக ஒட்டும். பார்க்க அழுக்கு மாதிரித்தான் இருக்கும். ஆனால் குழலுக்குள் ஈயத்தை வழுக்க விடுவது அதுதான். அது இல்லாவிட்டால் ஈயம் இரும்பில் உரசி இழுபட்டு, போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

அந்த ரிவால்வருக்கு எந்தப் பெட்டித் தோட்டா போகிறது, யார் எடுத்து வைப்பது, எங்கே வைப்பது? சனிக்கிழமை தட்டில் தோட்டா அடுக்குவது நீதானே, உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்றை எடுத்து உருட்டிப் பார். காய்ந்திருந்தால் ஆள் அகப்பட்டது.

சந்தேகம் தீர ஒரு சோதனை. குழலைச் சுத்தம் செய்தபின், ஜூனியர் நேரத்தில் நீயே, சுடுகிற இடத்தைக் கண்காணிக்கிற ரேஞ்ச் ஆபீசர் நிற்கும்போது, முத்திரை உடைக்காத பெட்டியிலிருந்து ஐம்பது சுடு. குழலைப் பார். அப்புறம் வழக்கமாக அதில் போகிற தோட்டாவில் சுடு. மறுபடி பார்.

இது தொழிற்சாலைத் தப்பாகவோ வெயிலில் வைத்த தப்பாகவோ இருந்துவிட்டால் அப்பா தப்பினார். எழுது. இந்த வாரம் ரெண்டு ஆள் லீவு, எனக்கு ஒன்றரை ஆள் வேலை.

அண்ணன்


ஜூன் 19

அண்ணா,

உருட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. உன் கடிதத்தில் "மெழுகு" என்ற வார்த்தை வந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆள் அகப்பட்டது. ஆள் நான்.

செயலாளர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் சுடுவார், நீ இருந்தபோதே அப்படித்தான். தோட்டா பிசுக்கால் கையுறை கறுத்துப் போகிறது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைப் பிடித்துக்கொள்வார். "துடைச்சு வைக்கத் தெரியாதா? உங்க வீட்டுல இப்படித்தானா?" சரி, துடைத்துவிட்டால் போச்சு என்று நினைத்தேன். அது பாக்கிங்கில் ஒட்டுகிற கிரீஸ் என்றுதான் நினைத்திருந்தேன் அண்ணா. நாலு வருஷமாக அடுக்குகிறேன், ஒருத்தரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வெறுமனே துடைத்தால் நான் வாலா? ஏப்ரல் ஒன்றாம் தேதி, ஐம்பது தோட்டாவின் தலையை மட்டும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பளபள என்று ஆக்கி, அம்மாவின் பழைய வளையல் பெட்டியில் நீல வெல்வெட் மேல் அடுக்கி, "வெள்ளிச் சொட்டு" என்று லேபிள் எழுதி ஒட்டினேன். வெளிநாட்டுப் போட்டிக்காரர்களுக்கு மட்டும் வருகிற தனி ரகம் சார், கையுறை போட்டுச் சுடுகிறவர்களுக்கென்றே செய்தது, ஒரு பெட்டிதான் கிடைத்தது என்றேன். சாயங்காலம் உண்மையைச் சொல்லி ஓட வேண்டும் என்று செருப்பைக்கூட வாசலிலேயே தயாராக வைத்திருந்தேன்.

அன்றைக்கு அவர் நன்றாகச் சுட்டார். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு "தேங்க்ஸ்மா" என்றார். அந்த மனுஷன் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை "என் சொட்டு எங்கே?" என்றார். அதற்கடுத்ததும். பதினொரு சனிக்கிழமை துடைத்திருக்கிறேன். நோட்டீஸ் போர்டில் அவரே வெள்ளிச் சொட்டைப் புகழ்ந்து எழுதி ஒட்டியிருக்கிறார், இன்னும் தொங்குகிறது.

நீ சொன்ன சோதனையும் செய்தேன், எங்கேயோ ஒரு மூலையில் நீ தப்பாக இருப்பாய் என்று. முத்திரைப் பெட்டியில் ஐம்பது, குழல் ஸ்பூன் மாதிரி மின்னியது. வெள்ளிச் சொட்டில் இருபதுதான் சுட்டேன், உள்ளே சாம்பல் பூத்துவிட்டது.

மெழுகு போனது, இப்போது மழுப்பல் வந்திருக்கிறது. பார், பழக்கம் போகவில்லை. அந்தப் பெட்டித் தொகுதியே தொழிற்சாலையில் கெட்டுப் போய் வந்தது என்று நீ ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் கமிட்டி நம்புமா? கடைசல்காரன் சொன்னால் நம்புவார்கள் இல்லையா? அப்பாவும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். யாருக்கும் நஷ்டமில்லை.

பதில் சீக்கிரம் போடு. சாப்பாடு இறங்கவில்லை.

வாலு


ஜூன் 23

வாலு,

எழுதிக் கொடுக்க மாட்டேன். திட்டவும் போவதில்லை, திட்ட வேண்டிய வயதில் நான் செய்ததெல்லாம் உனக்கே தெரியும். ஆனால் கெடாத தோட்டாவைக் கெட்டது என்று கையெழுத்துப் போட்டால், நாளைக்கு என் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? அப்பாவுக்கு மிச்சம் இருப்பதும் அப்படி ஒரு கையெழுத்துத்தானே.

இன்னொன்று. நீ யோசிக்கவில்லை, நானும் நேற்று வரை யோசிக்கவில்லை. குழலைத் தேய்க்கும்போது அப்பாவுக்கு எந்த இடத்தில் எவ்வளவு ஈயம் என்று கையிலேயே தெரியும். கண்ணே வேண்டாம். பட்டறைக்கும் தோட்டா அலமாரிக்கும் நாலடி. ஒரு தோட்டாவை எடுத்து உருட்டியிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். மண்ணெண்ணெய் வாசம் வேறே. பதினொரு வாரம் அவர் கண்டுபிடிக்காமல் இருந்தார் என்பதை நான் நம்பவில்லை.

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தத் தாள் வெள்ளையாக இருக்கிறது. யார் பேரை எழுதாமல் இருக்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொன்னால் உன்னைக் கிளப்பை விட்டு விலக்கலாம். சிரிப்பார்கள். செயலாளர் காலத்துக்கும் மன்னிக்க மாட்டார். சொல்லாவிட்டால் அப்பா பேசாமல் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவார், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அந்த வீட்டில் நீதான் இருக்கப் போகிறாய்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

அண்ணன்


ஜூலை 3

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

கமிட்டி அறையில் ஏழு நாற்காலி. நடுவில் கிளப் தலைவர், அந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர் அம்மா. ரிவால்வரைக் கையில் எடுத்து, வாயைத் திறக்கச் சொல்கிற மாதிரியே குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அப்பா ஓரமாக உட்கார்ந்திருந்தார், மடியில் அதே வெள்ளைத் தாள். விளக்கம் எங்கே என்று கேட்டதற்கு, "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

அதுவரை கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த நான் தட்டாமல் உள்ளே போனேன். வரிசையாகச் சொன்னேன், நீ கேட்ட வரிசையிலேயே. ஈயம் எங்கே, சுற்றிலுமா ஒரு பக்கமா, கம்பி முட்டுகிறதா, கடைசியில் தோட்டா. முத்திரைப் பெட்டியிலிருந்து ஒன்றும் நீலப் பெட்டியிலிருந்து ஒன்றும் எடுத்து டாக்டரம்மா கையில் வைத்தேன். உருட்டிப் பார்த்துவிட்டு அப்படியே பக்கத்தில் நீட்டினார். கடைசியாகச் செயலாளரிடம் வந்தது. அவர் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு உருட்டினார். ரொம்ப நேரம் உருட்டினார். யாரோ ஒருத்தர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

அவர் கத்துவார் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்டது இதுதான்: "அப்போ முதல் ரெண்டு வாரம் நான் நல்லா சுட்டேனே?"

"அது நீங்க சுட்டதுதான் சார்."

அதில் குறும்பே இல்லை அண்ணா, நிஜமாகவே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு நாள் அவரைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்குக் கசந்துவிட்டது.

தீர்ப்பு: அப்பா மேல் தப்பில்லை, லைசென்ஸ் அப்படியே இருக்கும். நான் ஆறு மாதம் தோட்டா அலமாரிப் பக்கம் போகக்கூடாது, சுடவும் கூடாது, ரேஞ்சைப் பெருக்கலாம். பெருக்கத் தெரியுமா என்று டாக்டரம்மா கேட்டார். வகுத்தலும் தெரியும் என்று வாய் வரை வந்தது, அடக்கிவிட்டேன். வளர்ந்துவிட்டேன் போல.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

வெளியே வந்தோம். பஸ் நிறுத்தத்தில் அப்பா உட்கார்ந்தார். ரெண்டு பஸ் வந்து போனது, எழுந்திருக்கவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். ரெண்டாவது வாரத்திலிருந்தாம். ஏன் என்னைப் பிடித்து ரெண்டு போடவில்லை என்று கேட்டேன். நீயாக வந்து சொல்வாய் என்று பார்த்தேன் என்றார், விஷயம் கமிட்டிக்குப் போனபின் உன் பேரை எழுத மனசு வரவில்லை என்றார். நான் அழுதேன். அதையெல்லாம் எழுதப் போவதில்லை.

அப்புறம் அவராகவே பேசினார். சாலையைப் பார்த்துக்கொண்டு.

"அது மட்டும் இல்லம்மா. அவங்களே போகச் சொல்லிட்டா நான் சொல்ல வேண்டியதில்லன்னு இருந்தேன்."

"எதைப்பா?"

"முடியலன்னு."

அண்ணா, நான் அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தேன். அவர் இத்தனை நாளாக ஒரு கதவு திறக்கும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஓடிப் போய் அதைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன். நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. அவரே என் தலையில் கை வைத்து, "நீ பண்ணுனது சரி" என்றார். அடுத்து வந்த பஸ்ஸுக்குக் கையை நீட்டினார்.

பஸ்ஸில் ஏறினபின் கேட்டார், உன் அண்ணன் முதலில் என்ன கேட்டான் என்று. நான் உனக்கு எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னதே இல்லை. அந்த வரிசையைக் கேட்டதும் புரிந்துவிட்டதாம். ஈயம் எங்கே இருக்கிறது என்று கேட்டான் என்றேன். "சரியாத்தான் கேட்டிருக்கான்" என்றார். 

ராத்திரி சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு ஏழு மணிக்கு எழுப்பி விடு" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். இன்றைக்கு எழுப்பினேன். மூன்று தரம் எழுப்ப வேண்டியிருந்தது.

வாலு


ஜூலை 6

வாலு,

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சாப்பாடு அப்படியே இருந்தது. போர்மேனிடம் போய் நின்றேன், இந்தத் தரம் வயிற்று வலி என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு முடியவில்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கும் இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் என்ன என்று எனக்கே தெரியவில்லை, அதனால் நீயும் கேட்காதே. அப்பாவோடு பட்டறையில் இருந்தபோது எடுத்த என் லைசென்ஸ் வருஷக் கடைசி வரைக்கும் செல்லும். நான் வந்து பட்டறையில் உட்கார்கிறேன் என்று டாக்டரம்மாவுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். செயலாளரைப் பார்த்து நானே பேசிக்கொள்கிறேன், நீ பெருக்குகிற வேலையை மட்டும் பார்.

இந்தக் கடிதம் சனிக்கிழமை கிடைக்கும். நான் ஞாயிறு சாயங்காலம் வருவேன். வருகிறேன் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, திடீரென்று வாசலில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கண்ணைப் பற்றி நான் பேச மாட்டேன் என்றும் சொல். அவர் பேசினால் கேட்டுக்கொள்வேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு என்னை எழுப்பு. அவரை எழுப்பாதே.

அண்ணன்